ஓம உப்பும் கொக்கிப்புழுவும்: எசென்ஷியல் ஆயில் பூச்சிக்கு மருந்தாகுமா?

போன மாசம் எங்க பெரியம்மா பொண்ணு போன் பண்ணாங்க. "தம்பி, சின்னவன் ராத்திரி பூரா தூங்க மாட்டேங்கிறான், பின்னாடி அரிக்குது அரிக்குதுன்னு அழறான், கீரிப்பூச்சிதான்னு நினைக்கிறேன், ஆரிகனோ ஆயில்னு ஒண்ணு ஆன்லைன்ல கிடைக்குதாம், தேன்ல நாலு சொட்டு கலந்து குடுத்தா எல்லா பூச்சியும் செத்துரும்னு ஒரு வீடியோ பாத்தேன், வாங்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. வேண்டாம்க்கான்னு உடனே சொல்லிட்டேன். "ஏன், அது இயற்கைதானே, நம்ம ஓமம் மாதிரிதானே?"ன்னு அடுத்த கேள்வி வந்துச்சு. அக்கா சொன்னது ஒரு வகையில ரொம்ப சரி, ஆரிகனோவும் ஓமமும் உள்ளுக்குள்ள கிட்டத்தட்ட சொந்தக்காரங்கதான், அதனாலதான் ஒரு வரியில பதில் சொல்ல முடியல. நான் பார்மசி படிச்சவன், காலேஜ்ல இருந்தே இந்த விஷயத்து மேல ஒரு பிடிப்பு உண்டு, அதான் உக்காந்து முழுசா எழுதிட்டேன்.

முதல்ல இந்த பேரு. எசென்ஷியல்னா "அத்தியாவசியம்"னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, உடம்புக்கு கட்டாயம் வேணும்ங்கற மாதிரி. அது அப்படி இல்ல. எசென்ஸ்னு சொல்றோமே, செடியோட வாசனைச் சாரம், அதுல இருந்து வந்த பேரு. வீட்லயே ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாருங்க. ஒரு வெள்ளை பேப்பர்ல ஒரு பக்கம் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய், இன்னொரு பக்கம் ஒரு சொட்டு நீலகிரி தைலம் விடுங்க. கொஞ்ச நேரத்துக்கு ரெண்டுமே எண்ணெய்க் கறை மாதிரிதான் தெரியும். ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா தேங்காய் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கும், தைலம் இருந்த இடம் கிட்டத்தட்ட காஞ்சு போயிருக்கும், ரூம்ல மட்டும் வாசனை இருக்கும். இந்த பறந்து போற குணம்தான் எசென்ஷியல் ஆயிலோட அடையாளம். அதனாலதான் வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் இந்த கணக்குல வராது, அதெல்லாம் விதையை ஆட்டி எடுக்கற கொழுப்பு எண்ணெய், இது ஆவியில வடிக்கறது.

ஊட்டி பக்கம் ரோட்டோரத்துல யூக்கலிப்டஸ் இலையை பெரிய அண்டாவுல போட்டு விறகு வச்சு கொதிக்க விடுவாங்க, பாத்திருப்பீங்க. ஆவி குழாய் வழியா போகும், குழாய் தண்ணித் தொட்டிக்குள்ள சுத்தி வரும், ஆவி குளுந்து இந்தப் பக்கம் சொட்டும், சொட்டறதுல அடியில தண்ணி, மேல மெல்லிசா ஒரு அடுக்கு தைலம் மிதக்கும். ஒரு அண்டா இலைக்கு கிடைக்கறது கொஞ்சூண்டுதான், நூறு கிலோ இலை போட்டா ஒரு கிலோ ஒன்றரை கிலோ வரலாம். இந்த கணக்கை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்: ஒரு சொட்டு தைலம்ங்கறது ஒரு கைப்பிடி இலைக்கு சமம். ஓமத்தையும் இப்படித்தான் வடிக்கறாங்க, கூட வர்ற தண்ணிதான் ஓம வாட்டர், மேல மிதக்கறது ஓம எண்ணெய், அந்த எண்ணெயில கிட்டத்தட்ட பாதி இருக்கற பொருளுக்கு தைமால்னு பேரு. அதை குளுர வச்சா கல்லு கல்லா கட்டிக்கும். நாட்டு மருந்துக் கடையில "ஓம உப்பு"ன்னு கேட்டா சின்ன பொட்டலத்துல தருவாங்களே, அதுதான். உப்புன்னு பேரு, ஆனா சாப்பாட்டு உப்புக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஓம உப்பு, புதினா உப்பு, கற்பூரம் மூணையும் ஒரு பாட்டில்ல ஒண்ணா போட்டு வச்சா மூணும் கட்டியா இருந்தது தானா உருகி எண்ணெயா மாறிடும், சின்ன வயசுல எங்க தாத்தா செஞ்சு காட்டினப்ப மேஜிக்னு நினைச்சேன்.

ஆரிகனோ எண்ணெயில முக்கியமா இருக்கறது கார்வக்ரால். தைமாலுக்கும் கார்வக்ராலுக்கும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, ஒரு சின்ன கிளை மட்டும் இடம் மாறி உக்காந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அக்கா சரின்னு சொன்னேன்ல, இதுக்குத்தான்.

இப்ப ஒட்டுண்ணி. ஒட்டுண்ணின்னா நம்ம மேலயோ உள்ளயோ இருந்துகிட்டு நம்ம செலவுல வாழற உயிர். இதுல எத்தனை வகைங்கற பட்டியல் நமக்கு வேண்டாம், எங்க உக்காந்திருக்குங்கறதுதான் இந்த கட்டுரைக்கு முக்கியம். பேன், சிரங்கு உண்டாக்கற பூச்சி இதெல்லாம் தோல்லயும் தலையிலயும் இருக்கும், கையால தடவினா மருந்து போய் சேந்துடும். நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு, கீரிப்பூச்சி இதெல்லாம் குடலுக்குள்ள, வாய் வழியா அனுப்பணும். மூணாவது வகை ரத்தத்துலயும், நம்ம செல்லுக்குள்ளயே புகுந்தும் ஒளிஞ்சிருக்கும், மலேரியா, காலா அசார் (மணல் ஈ கடிச்சு வர்ற நோய்) மாதிரி. ஒவ்வொரு படி உள்ள போகப் போக மருந்துக்கு வேலை கஷ்டம். ஒரே எண்ணெய் தலையில சூப்பரா வேலை செஞ்சுட்டு கல்லீரல்ல ஒண்ணுமே பண்ணாம போறதுக்கு காரணம் இதுதான்.

ஆனா எனக்கு ரொம்ப பிடிச்ச கதை குடல்லதான் இருக்கு. ஏன்னா எசென்ஷியல் ஆயில் "வருங்கால மருந்து"ன்னு இப்ப பேசிக்கறாங்களே, அது ஏற்கனவே ஒரு தடவை நிஜமாவே மருந்தா இருந்துச்சு, லட்சக்கணக்கான பேர் சாப்பிட்டாங்க, அப்பறம் கைவிட்டாங்க. ஏன் கைவிட்டாங்கன்னு புரிஞ்சா மீதி எல்லாமே புரியும்.

1880 வாக்குல சுவிட்சர்லாந்துல ஆல்ப்ஸ் மலையைக் குடைஞ்சு கோட்டார்ட் ரயில் சுரங்கம் போட்டுகிட்டிருந்தாங்க, 15 கிலோமீட்டர் நீளம். உள்ள வேலை பாத்த இத்தாலி தொழிலாளிங்க ரத்தம் சுண்டி, வெளிறிப் போய், நடக்க முடியாம விழுந்தாங்க. பாத்தா கொக்கிப்புழு. வெறுங்கால்ல மலம் கலந்த ஈர மண்ணை மிதிச்சா குட்டிப்புழு தோலைத் துளைச்சு உள்ள வந்து, சுத்தி வளைச்சு குடலுக்குப் போய் பல்லால கவ்விகிட்டு ரத்தம் குடிக்கும். அதுல ஒரு வகை ஒரு நாளைக்கு ஒரு புழுவுக்கு 0.15 மில்லி வரைக்கும் குடிக்கும்னு கணக்கு, நூறு புழு இருந்தா தினம் 15 மில்லி ரத்தம் போச்சு. அந்த சமயத்துல இத்தாலியில போஸோலோங்கற டாக்டர் இதுக்கு தைமால் குடுத்துப் பாத்தார், புழு கழண்டு வெளிய வந்துச்சு. அதே ஓம உப்பு. அதுக்கப்பறம் முப்பது வருஷத்துக்கும் மேல கொக்கிப்புழுவுக்கு உலகம் பூரா அதுதான் முக்கிய மருந்து. அமெரிக்காவுல 1909-ல ராக்ஃபெல்லர்ங்கற கோடீஸ்வரரோட பணத்துல ஆரம்பிச்ச பெரிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்துலயும் குடுத்தது தைமால்தான்.

எப்படி குடுத்தாங்கன்னு பாருங்க. முந்தின நாள் ராத்திரி சாப்பாடு லேசா, அப்பறம் எப்சம் உப்பு, அதாவது பேதி உப்பு, குடல் காலியாகணும். காலையில ஆறு மணிக்கு பாதி தைமால், எட்டு மணிக்கு மீதி, பத்து மணிக்கு மறுபடியும் பேதி உப்பு. பெரியவங்களுக்கு மொத்தம் 4 கிராம் வரைக்கும். கூடவே ஒரு கண்டிப்பான கட்டளை: சாராயம் கூடாது, எண்ணெய், நெய், வெண்ணெய் எதுவும் கூடாது, பேதிக்கு விளக்கெண்ணெய் குடுக்கவே கூடாது.

இந்த கடைசி கட்டளையை நான் முதல் தடவை படிச்சப்ப புத்தகத்தை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் யோசிச்சேன். ஏன் எண்ணெய் கூடாது? தைமால் தண்ணியில சரியா கரையாது, எண்ணெயிலயும் சாராயத்துலயும் நல்லா கரையும். குடல்ல எண்ணெய் இல்லேன்னா அது பெருசா உள்ள ஏறாம, புழு இருக்கற குழாய்க்குள்ளயே நின்னு புழுவைத் தாக்கிட்டு, பேதி உப்போட வெளிய போயிடும். எண்ணெய் இருந்தா அதுல கரைஞ்சு குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள்ள போயிடும், அப்ப புழு தப்பிச்சிடும், விஷம் ஆளுக்கு ஏறும். மயக்கம், நாடி தளர்றது, சில பேர் செத்தும் போயிருக்காங்க. அதே பொருள், அதே அளவுதான். புழு பக்கம் நிக்குதா நம்ம ரத்தத்துக்குள்ள போகுதாங்கறதுலதான் மருந்து விஷமா மாறுது. அக்கா பாத்த வீடியோவுல "எண்ணெய் தொண்டையில எரியும், அதனால நெய்யில கலந்து குடுங்க"ன்னும் சொன்னாங்களாம். கேட்டதும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு.

அந்த தைமால் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? நம்ம நாட்டு ஓமத்துல இருந்து. ஓம விதை இந்தியாவுல இருந்து கப்பல்ல ஜெர்மனிக்குப் போகும், அங்க வடிச்சு தைமாலாக்கி உலகத்துக்கே வித்தாங்க. 1914-ல முதல் உலகப்போர் வந்ததும் அந்த வழி அடைபட்டுச்சு, விலை ஏகத்துக்கு ஏறிப்போச்சு. அந்த இடத்துக்கு இன்னொரு எசென்ஷியல் ஆயில் வந்துச்சு, கீனோபோடியம் எண்ணெய். மெக்சிகோவுல எபாஸோட்டேன்னு சொல்லி பீன்ஸ்ல போட்டு சமைக்கற கீரை அது, வாசனை தூக்கலா இருக்கும். அதோட எண்ணெயில இருக்கற முக்கியமான பொருளுக்கு பேரே அஸ்காரிடோல், நாக்குப்பூச்சியோட அறிவியல் பேரு அஸ்காரிஸ், அதைக் கொல்றதால வந்த பேரு. சுமத்ரா தோட்டங்கள்ல வேலை பாத்த டாக்டருங்க இது கொக்கிப்புழுவுக்கும் நல்லா கேக்குதுன்னு 1913-ல எழுதினாங்க. 1916-ல ராக்ஃபெல்லர் இயக்கம் இலங்கைக்கு வந்து மாத்தளைப் பக்கம் தோட்டங்கள்ல வேலையை ஆரம்பிச்சப்ப, லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, இருந்த நம்ம தமிழ்த் தொழிலாளிங்கதான் அந்த மருந்தெல்லாம் சாப்பிட்ட ஆளுங்க. மருந்து குடுத்து புழு வெளிய வந்தாலும் கக்கூஸ் இல்லாத லயத்துல வெறுங்காலோட அதே மண்ணை மிதிச்சா மறுபடி வராம என்ன பண்ணும், அதை யோசிக்கும்போது மனசு கனக்குது.

கீனோபோடியத்துல சிக்கல் இன்னும் மோசம். புழுவைக் கொல்ற அளவுக்கும் ஆளைக் கொல்ற அளவுக்கும் நடுவுல இடைவெளி ரொம்ப கம்மி. காது இரைச்சல், காது கேக்காம போறது, வலிப்பு, சாவு, அதுலயும் குழந்தைங்க. 1920-கள்ல இருந்து வேற வேற ரசாயன மருந்துங்க வந்தன, அதுலயும் சிலது கல்லீரலைக் கெடுத்துச்சு. கடைசியா இன்னைக்கு நம்ம கையில இருக்கறது அல்பெண்டசோல். ஸ்கூல்ல குடற்புழு நீக்க நாள்னு குடுக்கறாங்களே, அந்த மாத்திரை, பெரிய பசங்களுக்கு 400 மில்லிகிராம். அன்னைக்கு 4 கிராம் தைமால், இன்னைக்கு அதுல பத்துல ஒரு பங்கு, பேதி இல்ல, பட்டினி இல்ல. இதுலயும் அந்த பழைய எண்ணெய் விதி இருக்கு பாருங்க: குடல்ல இருக்கற புழுவுக்குன்னா மாத்திரை ரத்தத்துல ஏறாம இருந்தாலே போதும், நல்லது. அதே மாத்திரையை மூளையில நாடாப்புழுவோட குட்டி கட்டியா உக்காந்திருக்கற நோயாளிக்கு குடுக்கும்போது கொழுப்பு உள்ள சாப்பாட்டோட சாப்பிடச் சொல்வாங்க, ரத்தத்துல நல்லா ஏறணும்ங்கறதுக்காக. தைமால் காலத்துல ஆளைக் கொன்ன அதே விஷயத்தை இப்ப வேணும்னே பயன்படுத்தறோம். மருந்தியல்ல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான்.

சரி, இந்த எண்ணெய்ங்க எப்படித்தான் கொல்லுது? இதுல இருக்கற பொருள் பெரும்பாலும் டெர்பீன் குடும்பம், பத்து கார்பன், பதினஞ்சு கார்பன்னு சின்ன சின்ன மூலக்கூறுங்க. எண்ணெய்ப் பசை உள்ளதால செல்லைச் சுத்தி இருக்கற சவ்வுக்குள்ள லேசா நுழைஞ்சிடும், ஏன்னா அந்த சவ்வும் கொழுப்பாலதான் ஆனது. நுழைஞ்சா சவ்வு ஓட்டையாகி உள்ள இருக்கறது கசிய ஆரம்பிக்கும், செல்லுக்கு சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியா குழம்பும். காலா அசார் உண்டாக்கற லீஷ்மேனியா கிருமிக்கு மொத்தமே ஒரே ஒரு மைட்டோகாண்ட்ரியாதான், நம்ம செல்லுல நூத்துக்கணக்குல இருக்கும், அதனால அந்த ஒண்ணு போனா அது காலி. புழு, பூச்சின்னு வந்தா இன்னொரு வழியும் இருக்கு, தைமாலும் கார்வக்ராலும் அதுங்களோட நரம்புல டைரமின்னு ஒரு சமிக்ஞை வேலை செய்யற இடத்துல போய் ஒட்டிக்கும், அந்த ஏற்பாடு நம்ம நரம்புல அந்த மாதிரி இல்ல. நமக்கும் பூச்சிக்கும் இருக்கற இந்த மாதிரி வித்தியாசத்துலதான் மருந்துக்கான நம்பிக்கையே இருக்கு.

நம்ம செல்லுக்கும் கொழுப்புச் சவ்வுதானே, அதுல நுழையாதான்னு கேட்டீங்கன்னா நுழையும். அதனாலதான் லேப்ல ரெண்டு நம்பர் எடுப்பாங்க. கிருமியில பாதியை நிறுத்த எவ்வளவு எண்ணெய் வேணும், மனுஷ செல்லுல பாதியைக் கொல்ல எவ்வளவு எண்ணெய் வேணும். ரெண்டாவதை முதலாவதால வகுக்கணும். உதாரணத்துக்கு கிருமிக்கு 5 மைக்ரோகிராம், நம்ம செல்லுக்கு 100 மைக்ரோகிராம்னா விடை 20, சரி மேல பாக்கலாம்னு சொல்வாங்க. கிருமிக்கு 50, நமக்கு 60னா விடை ஒண்ணு சொச்சம், அது மருந்து இல்ல, ரெண்டு பேரையும் சேத்து கொல்ற திரவம். "இந்த எண்ணெய் ஒட்டுண்ணியை 100 சதவீதம் கொல்லுதுன்னு ஆய்வு நிரூபிச்சிருச்சு"ன்னு எங்கயாவது படிச்சா முதல்ல தேட வேண்டியது இந்த ரெண்டாவது நம்பரைத்தான். பினாயில் கூடத்தான் 100 சதவீதம் கொல்லும்.

இன்னொரு நுணுக்கம். லேப்ல 96 குழி உள்ள சின்ன பிளாஸ்டிக் தட்டுல ஒவ்வொரு குழியிலயும் கிருமியை வளத்து ஒவ்வொரு அளவு எண்ணெய் ஊத்துவாங்க, மூணு நாள் 37 டிகிரியில வைப்பாங்க. எண்ணெய் பறந்து போற சரக்காச்சே! குழியில ஊத்தினது ஆவியாகி பக்கத்துக் குழிக்குப் போயிடும், எண்ணெயே விடாத குழியில இருக்கற கிருமியும் செத்துக் கிடக்கும், ஊத்தின குழியில கடைசியில எவ்வளவு மிச்சம்னு யாருக்கும் தெரியாது. மூடி போட்டு, வரிசை விட்டு, கவனமா செஞ்சவங்க குடுக்கற நம்பருக்கும் அப்படி செய்யாதவங்க குடுக்கற நம்பருக்கும் நிறைய வித்தியாசம் வரும்.

லீஷ்மேனியா பத்தி சொல்லணும், இதுக்கு நம்ம ஊரோட உறவும் இருக்கு. 1903-ல சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில சார்லஸ் டோனவன்ங்கற டாக்டர் காலா அசார் நோயாளிங்களோட மண்ணீரல்ல இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சார், லீஷ்மன்ங்கறவரும் தனியா கண்டுபிடிச்சு அதே வருஷம் எழுதியிருந்தார், ரெண்டு பேர் பேரையும் சேத்து லீஷ்மேனியா டோனவனின்னு வச்சாங்க. மணல் ஈ கடிச்சா வரும். ஈயோட வயித்துல இருக்கும்போது வாலை ஆட்டிகிட்டு நீந்தற உருவம், நம்ம உடம்புக்கு வந்ததும் வாலை சுருக்கி உருண்டையாகி, கிருமியைத் தின்ன வேண்டிய வெள்ளை அணுவுக்குள்ளயே போய் குடியிருக்கும். நீந்தற உருவத்தை லேப்ல வளக்கறது சுலபம், அதனால நிறைய ஆய்வு அதுலயே நின்னுடுது. நோயாளி உடம்புல இருக்கறது மற்ற உருவம். அதைத் தொடணும்னா எண்ணெய் ரத்தத்துல பிழைச்சு, வெள்ளை அணுவோட சவ்வைத் தாண்டி, அதுக்குள்ள கிருமி உக்காந்திருக்கற பையோட சவ்வையும் தாண்டணும்.

இதுல உருப்படியா வேலை பண்ணவங்கள்ல கியூபா ஆளுங்களைச் சொல்வேன், ஹவானாவுல இருக்கற பெட்ரோ கௌரி வெப்பமண்டல மருத்துவ நிறுவனம். அவங்க எடுத்தது அதே பழைய கீனோபோடியம் எண்ணெய். நீந்தற உருவத்துக்கு 3.7 மைக்ரோகிராம், உள்ள ஒளிஞ்ச உருவத்துக்கு 4.6, ரெண்டும் மில்லிக்கு, நல்ல நம்பர்தான். அப்பறம் தோல்ல லீஷ்மேனியா புண் உண்டாக்கின எலிக்கு எண்ணெயைக் குடுத்தாங்க, புண் வளரறது குறைஞ்சுச்சு. எண்ணெயில இருக்கற முக்கியமான மூணு பொருளை, அஸ்காரிடோல், கார்வக்ரால், கேரியோஃபிலின் ஆக்சைடு, தனித்தனியா குடுத்தாங்க, முழு எண்ணெய் அளவுக்கு வேலை செய்யல. சரின்னு அந்த மூணு சுத்தமான பொருளையும் எண்ணெயில இருக்கற அதே விகிதத்துல கலந்து குடுத்தாங்க. மூணு நாள்ல எலிங்க செத்துப் போச்சு. முழு எண்ணெய்க்கு சாகாத எலி, அதோட முக்கியமான பொருள்களோட கலவைக்கு செத்துச்சு. எண்ணெயில கொஞ்சூண்டு கொஞ்சூண்டா இருக்கற மற்ற பொருளுங்க ஏதோ ஒரு விதத்துல காப்பாத்துதான்னு இன்னும் தோண்ட வேண்டிய கேள்வி. ஒரு எண்ணெயில அம்பது நூறு பொருள் இருக்கறது பலமா பலவீனமான்னு யாராவது கேட்டா நான் இந்த எலிக் கதையைத்தான் சொல்வேன்.

அதே கலவை விஷயம் இன்னொரு தலைவலியும் குடுக்குது. ஒரே செடி, மண்ணு மாறினா, மாசம் மாறினா, எண்ணெயும் மாறிடும். தைம்னு ஒரே பேர்ல விக்கற செடியிலயே ஒண்ணுல தைமால் நிறைய இருக்கும், இன்னொண்ணுல தைமாலே சரியா இருக்காது, லினலூல்ங்கற வேற பொருள் இருக்கும். மாத்திரைன்னா ஒவ்வொண்ணுலயும் அதே அளவு இருக்கணும், பாட்டிலுக்கு பாட்டில் மாறற சரக்கை எப்படி மருந்துன்னு எழுதிக் குடுக்கறது?

மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினின் செடியில இருந்துதானே வந்துச்சுன்னு நிறைய பேர் கேப்பாங்க. ஆமா, ஆனா அது எசென்ஷியல் ஆயில் இல்ல, ஆவியில வடிச்சா வராது. சீன விஞ்ஞானி தூ யூயூ அம்மா பழைய சீன வைத்திய நூல்ல செடியைக் கொதிக்க வைக்காம பச்சைத் தண்ணியில ஊறப் போட்டு பிழிஞ்சதைப் படிச்சுட்டு, சூடு ஆகாதுபோலன்னு ஈதர்ங்கற கரைப்பான்ல குறைஞ்ச வெப்பத்துல எடுத்தாங்க, 1971-ல அந்த 191-ஆவது சாம்பிள் எலியில மலேரியாவை முழுசா அடக்குச்சு, 2015-ல நோபல். ஒரு ஒத்துமை மட்டும் சுவாரஸ்யம்: ஆர்ட்டிமிசினின் உள்ள ரெண்டு ஆக்சிஜன் சேந்த ஒரு பாலம் இருக்கு, அதுதான் கிருமியைக் கொல்ற ஆயுதம், அஸ்காரிடோல் உள்ளயும் அதே மாதிரி ஒரு பாலம் இருக்கு. ஆயுதம் ஒரே மாதிரி, நம்ம மேல பாயாம இருக்கறதுல ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

இப்ப நம்பிக்கை தர்ற இடத்துக்கு வரேன், அது தோல். டீ ட்ரீ ஆயில், ஆஸ்திரேலியா மரத்துல இருந்து எடுக்கறது. 2004-ல வெளியான ஆஸ்திரேலிய ஆய்வுல சிரங்குப் பூச்சியை நோயாளி தோல்ல இருந்து எடுத்து 5 சதவீத டீ ட்ரீ ஆயில்ல போட்டப்ப பாதி பூச்சி ஒரு மணி நேரத்துல செத்துச்சு, அதுல இருக்கற டெர்பினென்-4-ஆல்ங்கற பொருள் மட்டும் போட்டா 35 நிமிஷம். இது தட்டுலதான், ஆள் மேல இல்ல. ஆள் மேலன்னா பேனுக்கு இருக்கு: 2010-ல அதே நாட்டுல குழந்தைங்க தலையில செஞ்சு பாத்தாங்க, டீ ட்ரீயும் லாவெண்டரும் கலந்த மருந்துல 97.6 சதவீதம் பசங்களுக்கு பேன் போச்சு, வழக்கமான பைரித்ரின் மருந்துல 25 சதவீதம்தான், பேன் அதுக்குப் பழகிடுச்சு. ஆனா அதே ஆய்வுல மூணாவதா ஒரு மருந்து, பேனை மூச்சு முட்ட வச்சு கொல்ற வகை, அதுலயும் அதே 97.6. இந்த மாதிரி பக்கத்துல வச்சு ஒப்பிட்டாதான் உண்மை தெரியும். ஒப்பிடாத ஆய்வுக்கு உதாரணம் அக்கா கேட்ட ஆரிகனோவே: 2000-ல 14 பேருக்கு தினம் 600 மில்லிகிராம் ஆறு வாரம் குடுத்தாங்க, அதுல பிளாஸ்டோசிஸ்டிஸ்ங்கற கிருமி இருந்த 11 பேர்ல 8 பேருக்கு அது தெரியாம போச்சு. வீடியோவுல சொல்றது இதைத்தான். எண்ணெய் குடுக்காத பதினாலு பேரை கூட வச்சுப் பாக்கல, அவங்களுக்கும் தானா போயிருக்குமான்னு தெரியாது, அதுல இருந்த மூணு வகைக் கிருமியில ரெண்டு பெருசா கெடுதல் பண்ணாத ரகம், கீரிப்பூச்சி அதுல இல்லவே இல்ல. அதே மாதிரி மெக்சிகோவுல எபாஸோட்டே கீரையை ஊர்ல வழக்கமா குடுக்கற மாதிரியே குடுத்து புழுவை எண்ணிப் பாத்த ஆய்வு 1985-ல வந்துச்சு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, நாக்குப்பூச்சி எதுவும் குறையல. எண்ணெயா வடிச்சா ஆளைக் கொல்ற அளவுக்கு வேகம், கீரையா சாப்பிட்டா புழுவுக்கு உறைக்கவே இல்ல. நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோன்னு சொன்ன கணக்கு இங்கதான் உதவுது.

ஓம உப்பு இன்னைக்கு முறையா அனுமதி வாங்கின ஒட்டுண்ணி மருந்தா விக்குது, ஆனா மனுஷனுக்கு இல்ல, தேனீக்கு. வர்ரோவான்னு ஒரு சிகப்பு உண்ணி, ஆசியத் தேனீ மேல இருந்து ஐரோப்பிய தேனீக்கு தாவி உலகம் பூரா கூடுகளை அழிச்சுது. தைமால் கலந்த ஜெல்லை கூட்டுக்குள்ள வச்சா மெதுவா ஆவியாகி கூடு பூரா பரவும், உண்ணி கொட்டும், தேனீ தாங்கிக்கும். வெளிய 15 டிகிரிக்கு மேல சூடு இருந்தாதான் சரியா ஆவியாகும். லேப் தட்டுல தொல்லையா இருந்த அதே பறக்கற குணம் இங்க வரம். இதே மாதிரி மனுஷனுக்கும் எண்ணெயை கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டைக்குள்ள அடைச்சு வெள்ளை அணுவுக்குள்ளயே கொண்டு போய் விடற முயற்சி நடக்குது, தோல் லீஷ்மேனியா புண்ணுக்கு மேல பூசற மருந்தா முதல்ல வரும்னு நான் நம்பறேன். பணம்தான் தடை, இந்த நோய் வர்றதெல்லாம் ஏழைங்களுக்கு, பெரிய சோதனைக்கு செலவு பண்ண கம்பெனிங்க முன்வர்றதில்ல, இது எனக்கு ரொம்ப ஆதங்கம்.

வீட்ல குழந்தை இருக்கறவங்களுக்கு மட்டும் இதை அழுத்திச் சொல்றேன். நீலகிரி தைலம், கற்பூரம், ஓம உப்பு எதையும் பூச்சிக்குன்னு வாய்ல குடுக்காதீங்க. சில மில்லி தைலம், சின்னத் துண்டு கற்பூரம் உள்ள போனாலே குழந்தைக்கு வலிப்பு வரும், அப்படி கேஸ் நிறைய பதிவாகியிருக்கு. வசம்பு எண்ணெயில இருக்கற ஆசரோன் எலிக்கு கேன்சர் உண்டாக்கினதால 1968-லயே அமெரிக்காவுல வசம்பை சாப்பாட்டுல சேக்கக்கூடாதுன்னு தடை போட்டாங்க. சமையல்ல போடற ஓமம், ஓமத்தண்ணி வேற, அதுல எண்ணெய் துளிதான், அதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

அக்கா அடுத்த நாளே பையனை டாக்டர்கிட்ட காட்டினாங்க, கீரிப்பூச்சியேதான். மாத்திரை ஒரு தடவை, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை, ஏன்னா முதல் மாத்திரை முட்டையைக் கொல்லாது, அது பொரிச்சு வர்றதுக்கு ரெண்டாவது. வீட்ல எல்லாருக்கும் சேத்து குடுத்தாங்க, நகத்தை ஒட்ட வெட்டி, பெட்ஷீட்டை வெந்நீர்ல தொவைச்சாங்க. நேத்து மறுபடி போன். "தம்பி, இப்ப பெரியவளுக்கு தலையில பேன், அந்த டீ ட்ரீ ஆயில்னு எழுதியிருக்கியே, அதைத் தடவலாமா?" அப்படியே ஊத்தக்கூடாதுக்கா, நேரா பட்டா தோல் எரிஞ்சு அலர்ஜி ஆகும், பேனுக்குன்னு சரியான அளவுல கலந்து விக்கற லோஷன் கிடைச்சா டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க, அது வரைக்கும் தலையை நனைச்சு கண்டிஷனர் போட்டு ஈர்க்கொல்லி சீப்பால நாலு நாளைக்கு ஒரு தடவை வாருங்கன்னு சொல்லியிருக்கேன்.